பேரனுக்கு ஊட்டும் அப்பத்தாவும் நான்கு வயதுப் பசியும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் மாமனார் மாமியாருடன் வாழும் ஒரு தாய் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: மகனுக்கு 4 வயது நிறைந்துவிட்டது, எடை பதினான்கரை கிலோ. தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுவதும் அப்பத்தாவும் ஐயாவும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கைபேசியில் படம் ஓடினால்தான் வாய் திறக்கிறான். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. சீனி தொட்ட தோசை, பிஸ்கட், சத்துபானப் பொடி கலந்த பால் ஆகியவற்றைத் தவிர எதையும் விரும்புவதில்லை. விழுந்துவிடுவான் என்று பயந்து ஓடவும் விடுவதில்லை. மாமியார் மனம் நோகாமல் இதை எப்படி மாற்றுவது?

எடையைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் நடக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அந்த அச்சமே வேராக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீட்டின்படி 4 வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுநிலை எடை 16.3 கிலோ, எடைக் குறைவு என்று கருதப்படும் எல்லை 12.7 கிலோ. பெண் குழந்தைகளுக்கு இந்த அளவுகள் சற்றே குறையும். உங்கள் மகன் நடுநிலையைவிடக் குறைவாக இருந்தாலும் இயல்பான வரம்புக்குள் நன்றாகவே இருக்கிறான். ஒரு நாள் எடையை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதும் உண்மை. பிறந்ததிலிருந்து குறித்துவந்த வளர்ச்சி அட்டை இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அவனுடைய கோடு தனக்குரிய பாதையில் சீராக ஏறிவந்திருக்கிறதா, அல்லது இடையில் படுத்துவிட்டதா என்பதே முக்கியம். அட்டை இல்லையென்றால் அருகிலுள்ள அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்த்துக் குறித்துத் தருவார்கள்.

அப்பத்தா சொல்லும் "முன்னே நல்லாச் சாப்பிட்ட பிள்ளை இப்பச் சாப்பிடவே மாட்டேங்குது" என்ற புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் நோயன்று. மூன்று கிலோவுடன் பிறக்கும் குழந்தை முதல் வருடத்தில் ஏறக்குறைய மும்மடங்காகிறது. அதன்பின் வளர்ச்சியின் வேகம் தணிந்து, 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடுகிறது. வளர்ச்சி தணியும்போது பசியும் தணிகிறது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்ட பிள்ளை இரவில் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று சொல்வதும், ஒரு நாள் நிறையவும் மறுநாள் கொஞ்சமாகவும் சாப்பிடுவதும் இந்த வயதின் இயல்பு. பெரியவர்கள் தட்டை அளந்து கவலைப்படுகிறார்கள். குழந்தையின் உடலோ ஒரு வாரக் கணக்கில் தன் தேவையைச் சரிக்கட்டிக்கொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 4 முதல் 6 வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் அளவு ஏறக்குறைய 1,360 கிலோ கலோரியும் 16 கிராம் புரதமும். இதில் பாலும் பிஸ்கட்டுமே பாதியை நிரப்பிவிட்டால் சோற்றுக்கு எங்கே இடம் இருக்கும்?

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மாற்ற வேண்டியது பிள்ளையின் பசியை அன்று, ஊட்டும் முறையை; அந்த மாற்றத்தை அப்பத்தாவின் கையாலேயே செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு தெளிவான வேலைப் பிரிவினை இருக்கிறது. அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் முன்வைத்த இந்தக் கொள்கையைக் குழந்தை மருத்துவர்கள் பலரும் ஏற்றுச் சொல்லிவருகிறார்கள். என்ன உணவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டுச் சமைக்கிறோம். பிறகு எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை நாம் நிர்ணயித்து, அழுதாலும் ஊட்டி முடிக்கிறோம். அவன் பொறுப்பை நாம் பிடுங்கிக்கொள்வதால் நம் பொறுப்பை அவன் எடுத்துக்கொள்கிறான்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், மூன்று வேளை உணவும் நடுவே இரண்டு சிறு உணவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கும். இடைப்பட்ட இரண்டரை, மூன்று மணி நேரத்தில் தண்ணீர் தவிர வேறெதுவும் கிடைக்காது. தட்டில் ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம், அதாவது 4 வயதுக்கு நான்கு கரண்டிக்கு மிகாமல் வைத்துத் தொடங்கலாம். கேட்டால் மறுபடி வைக்கலாம். தன் கையால் எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். இருபது, மிஞ்சினால் முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது திட்டும் வேண்டாம், "இன்னும் ஒரே வாய்" என்ற கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வேளை வரும்வரை பிஸ்கட் கிடைக்காது என்பதில் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் சமையற்கட்டுக்குப் பின்னால் கொடுத்தால், எந்த முறையும் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது.

கைபேசியைப் பொறுத்தவரை கொஞ்சம் உறுதி தேவை. படம் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் பிள்ளை உணவின் ருசியையும் மணத்தையும் கவனிப்பதில்லை. வயிறு நிறைந்த உணர்வும் அவனுக்கு எட்டுவதில்லை. பசிக்குச் சாப்பிடும் பழக்கம் போய்ப் படத்துக்குச் சாப்பிடும் பழக்கம் வருகிறது. 3, 4 வயதுக் குழந்தைகள் திரையின் முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது; குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் ஊட்டும்போது படம் ஓடினால் அந்த எல்லை காலை உணவோடே எட்டப்பட்டுவிடும். நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு வேளையை, காலை உணவையோ இரவு உணவையோ, முதலில் கைபேசி இல்லாத வேளையாக ஆக்குங்கள். அந்த நேரத்தில் பெரியவர்களின் கைபேசியும் வேறு அறையில் இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் அவன் அழுவான், குறைவாகத்தான் சாப்பிடுவான். இதை அப்பத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே "பிள்ளை பட்டினி கிடக்குது" என்று கைபேசி திரும்பி வந்துவிடும். உடல்நலத்துடன் இருக்கும் பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிடுவதால் கெட்டுப்போவதில்லை; அடுத்த வேளை பசியோடு வருவான்.

புதிய உணவை மறுப்பது 2 வயதுக்கு மேல் பெரும்பாலான குழந்தைகளிடம் காணும் குணம். ஒரு காயை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைப் பார்த்தும், தொட்டும், நாக்கில் வைத்தும் பழக வேண்டியிருக்கலாம். நாமோ இரண்டு, மூன்று முறை துப்பியதும் "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அவரைக்காய்த் துவட்டலில் ஒரு துண்டு தட்டின் ஓரத்தில் தினமும் இருக்கட்டும். சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அதே காயை நீங்கள் அவன் எதிரில் ரசித்துச் சாப்பிடுங்கள். "காய் சாப்பிட்டால் சாக்லேட் தருகிறேன்" என்ற பேரமும் தவறு. அந்தப் பேரம் காயைத் தண்டனையாகவும் சாக்லேட்டை வெகுமதியாகவும் பிள்ளையின் மனத்தில் பதித்துவிடுகிறது.

பால் விஷயத்தில் பலருக்கும் வியப்பு ஏற்படும். நாளுக்கு 400 மில்லி லிட்டர் பால் இந்த வயதுக் குழந்தையின் கால்சியம் தேவையில் பெரும்பகுதியைத் தந்துவிடும். அரை லிட்டருக்கு மேல் போனால் வயிற்றை அடைத்துச் சோற்றைத் தள்ளிவிடுவதோடு, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவாக இருப்பதால் இரத்தசோகைக்கும் வழிவகுக்கும். தயிர், மோரையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும். சத்துபானப் பொடிகள் தேவையில்லை. அவற்றின் டப்பாவின் பின்புறம் உள்ள அட்டவணையில் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் காட்ட வேண்டாம் என்று மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பொடியைத் திடீரென்று நிறுத்தினால் பாலையே மறுப்பான். ஒரு கரண்டியை முக்கால், அரை, கால் என்று சில வாரங்களில் குறைத்துவிடலாம்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகும் காரமும் எண்ணெயும் மிதக்கும் கோழிக் குழம்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது உணவக வாசலில் எழுதியிருக்கும் செட்டிநாடு. வீட்டின் அன்றாடச் சமையல் வேறு. பருப்பு, கீரை மசியல், காய்த் துவட்டல், கூட்டு, அரிசி கழுவிய நீரில் செய்யும் மண்டி, கத்திரிக்காய்க் கோசமல்லி, குழிப்பணியாரம் என்று அது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு ஏற்ற சமையல்தான். தனியாக எதையும் சமைக்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். மிளகாய் சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்கு வேண்டியதை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டால், வீட்டார் சாப்பிடுவதையே அவனும் சாப்பிடுவான். சேர்ந்து உட்கார்ந்து ஒரே உணவைச் சாப்பிடுவதைப்போல் பழக்கத்தை உருவாக்கும் வழி வேறில்லை.

சீனி தொட்ட தோசை பிடிக்கும் பிள்ளைக்குக் காரப் பணியாரம் நல்ல மாற்று. அரிசியும் உளுந்தும் அரைத்த அதே மாவில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்த்துக் குழியில் ஊற்றினால் கைக்கு அடக்கமான உருண்டை கிடைக்கும். தானே எடுத்துக் கடிப்பான். மாவில் மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகு மாவைக் கலந்தால் இரும்பும் கால்சியமும் கூடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் கால்சியம் இருக்கிறது. எண்ணெயில் பொரிக்கும் வெள்ளைப் பணியாரத்தை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடும் வீடு என்றால் நாளுக்கு ஒன்று கொடுக்கலாம். அதிலேயே சுமார் 6 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. அசைவம் சமைக்கும் வீடுகளில் முள் கவனமாக நீக்கிய மீனும், நன்றாக வேகவைத்து மசித்த ஈரலும் இரும்புச்சத்துக்குச் சிறந்தவை. சைவ வீடுகளில் பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கீரை ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால்தான் இரும்பு நன்றாக உடலில் சேரும். தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். பிள்ளைக்கு இரண்டும் தேவையில்லை.

கும்மாயமும் கவுனி அரிசி இனிப்பும் சத்துள்ளவை என்று பெரியவர்கள் சொல்வது சரி. கும்மாயத்தில் வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்கின்றன. கவுனி தோல் நீக்காத கறுப்பரிசி. ஆனால் கருப்பட்டியும் வெல்லமும் வெள்ளைச் சீனியைப்போலவே சர்க்கரைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. கவுனியில் வழக்கமாகப் போடும் சீனியில் பாதியைப் போட்டுத் தேங்காய்ப்பூவைக் கூட்டினால் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது.

பலகாரத்தை ஒழித்துக்கட்டவும் முயலாதீர்கள். அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் ஆகிய இருவரும் சிறு குழந்தைகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே வைத்துத் தடை செய்த தின்பண்டத்தின் மீதே குழந்தைகளின் கவனமும் ஆசையும் கூடியது தெரியவந்தது. கண்ணில் படும் அலமாரியில் தேன்குழலையும் அதிரசத்தையும் வைத்துக்கொண்டு வேண்டாம் என்பதைவிட, வீட்டில் எப்போதும் இருப்பு வைக்காமல், கல்யாண வீட்டிலோ நோன்பிலோ கிடைக்கும்போது எல்லோரோடும் அவனும் மகிழ்ச்சியாகச் சாப்பிட விடுவது நல்லது. ஓர் எச்சரிக்கை மட்டும் மிக முக்கியம்: முழு வேர்க்கடலை, கெட்டியான சீடை, முழுத் திராட்சை ஆகியவை 5 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடலையை வேகவைத்து மசித்தோ பொடித்தோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். ஓடும்போதும் சிரிக்கும்போதும் வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

விளையாட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள்; என் கணிப்பில் பசியின்மைக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. 3, 4 வயதுக் குழந்தைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவுடன் இருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும் என்று அதே 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். மூன்று மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். அது நாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் அசைவுகளின் கூட்டுத்தொகை.

இதற்கான இடம் செட்டிநாட்டு வீட்டில் இருப்பதைப்போல் நகரத்து அடுக்ககங்களில் கிடையாது. முகப்பிலிருந்து நடுமுற்றமான வளவைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய்த் திரும்பினாலே பிள்ளைக்கு நல்ல ஓட்டம். தூண்களுக்கிடையே கண்ணாமூச்சி, தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு நொண்டி, வட்டமாக உட்கார்ந்து குலைகுலையா முந்திரிக்காய் என்று எதற்கும் காசு தேவையில்லை. விழுந்துவிடுவான் என்ற பயத்தைப் புறந்தள்ளாமல் அதற்குரிய ஏற்பாட்டைச் செய்யுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். ஆகவே தரை உலர்ந்திருக்கும்போது, காலுறையில்லாமல் வெறுங்காலோடு ஓடட்டும். முற்றத்தின் விளிம்பும் மாடிப்படியும் ஆபத்தான இடங்கள். படிக்கு ஒரு தடுப்பு வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டும் வெளியே விடலாம். ஊரணிக்கரையில் நடப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே ஒரு நொடியும் கையை விடக் கூடாது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்குக் கால்நடையாகவே போகும் மரபு இந்த மண்ணில் பல தலைமுறைகளாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களில் தெருமுனைக் கடைக்குப் போகவும் பிள்ளையை இருசக்கர வண்டியின் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போகிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஐயா காலையில் பால் வாங்கப் போகும்போது பேரனையும் நடத்திக் கூட்டிப்போகட்டும். அவருக்குச் சர்க்கரை நோயோ இரத்தக்கொதிப்போ இருந்தால் அந்த நடை அவருக்கும் மருந்து. மாதம் ஒருமுறை குன்றக்குடி மலைப்படிகளில் ஏறவிடுங்கள்; நான்கு வயதுப் பிள்ளை நின்று நின்று ஏறிவிடுவான். மூட்டு வலியுள்ள அப்பத்தா ஓட வேண்டியதில்லை. பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்தபடி "அந்தத் தூணைத் தொட்டுட்டு வா", "துளசிக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு வா" என்று ஏவினால் போதும். கீரை ஆய்வதற்கும் வெங்காயத் தோல் எடுப்பதற்கும் அவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். தான் ஆய்ந்த கீரையை ருசி பார்க்கப் பிள்ளைகள் அவ்வளவாகத் தயங்குவதில்லை.

அங்கன்வாடிக்கு அனுப்புவது கௌரவக் குறைவு என்று வசதியுள்ள குடும்பங்களில் ஓர் எண்ணம் உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவாகத் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தின் வழிவந்த சூடான மதிய உணவும், வாரத்தில் மூன்று நாள் முட்டையும் அங்கே கிடைக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஒரே வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தாங்களாகவே சாப்பிடுகிறார்கள். வீட்டில் ஒரு மணி நேரம் ஊட்டப்படும் பிள்ளை அங்கே அருகிலிருப்பவனைப் பார்த்துத் தானே உண்ணக் கற்கிறான்.

இனி உங்கள் மாமியார். அவருடைய தலைமுறை பிள்ளைகள் மெலிந்து நோய்ப்பட்டதைக் கண்டது. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால்தான் பிழைக்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. ஊட்டுவது அவருக்கு வெறும் வேலையன்று, பாசத்தைக் காட்டும் வழி. "நீங்கள் செய்வது தவறு" என்று தொடங்கினால் அந்தப் பாசத்தையே மறுப்பதாக ஆகிவிடும். அடுத்த முறை அங்கன்வாடிக்கோ மருத்துவரிடமோ போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எடைக் கோடு சீராக இருக்கிறது என்பதை அவரே காதால் கேட்கட்டும். பிறகு, "அத்தை, இவன் கையால சாப்பிடப் பழகணும்னு சொல்றாங்க, நீங்கதான் பழக்கிவிடணும்" என்று பொறுப்பை அவர் கையில் கொடுங்கள். ஊட்டும் ஒரு மணி நேரம் மிச்சமாகும்போது அந்த நேரத்தில் கதை சொல்வதும் அவர்தான் என்று முடிவு செய்துவிட்டால், பிள்ளையோடு அவருக்குள்ள நெருக்கம் குறையாது. பகல் முழுவதும் சுமப்பவர் அவர். மாலையில் நீங்கள் வந்ததும் அரை மணி நேரமாவது அவருக்கு ஓய்வு கிடைக்க வேண்டும். களைத்திருக்கும் கையே முதலில் கைபேசியைத் தேடும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய அடையாளங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களாக எடை ஏறாமலிருப்பது, உதடும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருப்பது, மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி ஆகியவற்றை எடுத்துத் தின்பது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, நாள்பட்ட மலச்சிக்கல், விரல் விட்டு எண்ணும் சில உணவுகளைத் தவிர எதையும் தொடவே மறுப்பதோடு பேச்சும் தாமதமாக இருப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாலும் பிஸ்கட்டுமாக வளரும் உங்கள் மகனுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. குடற்புழு நீக்க மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மருந்தை மட்டும் பரிசோதனை இல்லாமல் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பாட்டிலையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அளவு மீறினால் அது நஞ்சாகும்.